சர்வர் பேச மறுத்தால்... பழி ராம் மீதா?

(இறுதியாண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு)



சர்வர் ஹேங் ஆகி நின்றவுடன் லேபில் யாராவது ஒருவர் சொல்லும் முதல் வார்த்தை, "ராம் போயிடுச்சுப்பா!" என்பதுதான். சொல்வது சுலபம். ராம் கையால் கழற்றி மாட்டக்கூடிய பாகம். கடையில் உடனே கிடைக்கும் பாகம். அதனால் சந்தேகமும் அதன் மேல் உடனே விழுகிறது. ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. சந்தேகத்தின் பேரில் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். தண்டனை கொடுக்கச் சாட்சி வேண்டும். ராமுக்கும் அதே நியாயம்தான்.

நம்மில் பலர் டிப்ளமோ முடித்தவுடன் சர்வீஸ் வேலைக்குத்தான் போகப் போகிறோம். ஒரு ஆஸ்பத்திரியிலோ, கூட்டுறவு வங்கியிலோ, மில்லிலோ சர்வர் நின்றால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே போய் "இதுவா இருக்கும், மாத்திப் பாருங்க" என்று சொல்பவர் ஒருவகை. "இதுதான், இதோ சாட்சி" என்று சொல்பவர் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் சேர என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ராமுக்குள் என்ன இருக்கிறது?

பாடத்தில் படித்ததுதான், சுருக்கமாக ஒரு நினைவூட்டல். ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கிறது. அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் என்ற இந்த அமைப்பை உருவாக்கியவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு. அதற்கு 1968-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 வரைக்கும் அடிப்படை அதுவே.

இந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. நிரப்பி வைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டி.டி.ஆர்.4 ராமில், சாதாரண வெப்பநிலையில், ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். அதாவது ஒரு நொடிக்குள் சுமார் 15 முறை. இதற்குத்தான் ரிஃப்ரெஷ் என்று பெயர். 16 ஜி.பி. ராமில் இப்படிப்பட்ட பிட்டுகள் 13,743 கோடிக்கும் மேல்! இத்தனை குடத்தில் ஒன்று மட்டும் சீக்கிரம் கசிந்தால் போதும், அந்த இடத்தில் இருந்த 1 என்பது 0 ஆகிவிடும்.

ராமில் வரும் பிழை இரண்டு வகை. ஒன்று தற்காலிகப் பிழை. பிட் ஒருமுறை புரளும். மறுபடி எழுதினால் சரியாக இருக்கும். சிப்பின் மேலுறையில் கலந்திருந்த மிகச் சிறிய அளவு யுரேனியம், தோரியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களே பிட்டைப் புரட்டுகின்றன என்று 1978-இல் இன்டெல் நிறுவனப் பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். விண்வெளிக் கதிர்களாலும் இது நடக்கும். இரண்டாவது, நிரந்தரப் பிழை. அந்த இடமே பழுது; திரும்பத் திரும்ப அங்கேயே தப்பு வரும்.

2009-இல் கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஓர் ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சர்வர்களில் குறைந்தது ஒரு ராம் பிழையாவது பதிவானது என்றும், ஒருமுறை பிழை காட்டிய ராம் மறுபடியும் காட்டும் வாய்ப்பு மிக அதிகம் என்றும் அதில் தெரிந்தது. தற்காலிகப் பிழையைவிட நிரந்தரப் பிழையின் பங்கே பெரிது என்பதும் அதன் முடிவு. எனவே, அதே இடத்தில் பிழை திரும்ப வந்தால், "ஏதோ காஸ்மிக் கதிர் அடிச்சிருக்கும்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை!

2. ஒரே ஒரு பிட் புரண்டால்?

"ஒரு பிட்தானே!" என்று நினைக்க வேண்டாம். ஒரு மாணவனின் மதிப்பெண் 78 என்று வைத்துக்கொள்வோம். பைனரியில் அது 1001110. அதாவது 64 + 8 + 4 + 2. இதில் 64-க்கு உரிய பிட் மட்டும் 0 ஆகிவிட்டால் மீதி 14. பாஸ் ஆனவன் ஃபெயில்! திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. 14 என்பதும் ஒழுங்கான எண்தான் என்று நினைத்து சர்வர் அதை ஹார்டு டிஸ்கில் எழுதிவிடும். இரவு பேக்கப் ஓடும்போது அங்கேயும் 14 போய் உட்காரும்.

யோசித்துப் பார்த்தால், ஹேங் ஆகிற சர்வர் ஒருவகையில் நல்ல சர்வர். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று வெளியே சொல்கிறது. ஹேங் ஆகாமல் தப்பான எண்ணை எழுதிக்கொண்டே இருக்கும் சர்வர்தான் ஆபத்து. அதனால்தான் ராம் சந்தேகம் வந்த மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு "இப்ப ஓடுது" என்று விட்டுவிடக் கூடாது.

இதற்கு மருந்து அப்போதே யோசிக்கப்பட்டது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8 பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு பாரிட்டி பிட் இருந்தது. அது தப்பைக் கண்டுபிடிக்கும், திருத்தாது. தப்பைத் திருத்தவும் கூடிய குறிமுறையை பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங் 1950-இலேயே வெளியிட்டிருந்தார். அந்த வழியில் வந்ததுதான் சர்வர்களில் போடும் ஈ.சி.சி. ராம். டி.டி.ஆர்.4 வரையிலான ஈ.சி.சி. ராமில் 64 பிட் தகவலுக்கு 8 சரிபார்ப்பு பிட்டுகள், ஆக மொத்தம் 72. ஒரு பிட் தப்பானால் திருத்திவிடும். இரண்டு பிட் தப்பானால் கண்டுபிடித்துச் சொல்லும். டி.டி.ஆர்.5 சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அது சிப்புக்குள் மட்டும்தான். சிப்பிலிருந்து பிராசசர் வரை வரும் பாதையைக் காக்காது. அதை முழு ஈ.சி.சி. என்று எண்ணிவிடக் கூடாது.

3. "பத்தல" வேறு, "பழுது" வேறு

ராம் பத்தாமல் போவதும் ராம் பழுதாவதும் ஒன்று என்று நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். இரண்டிலும் சர்வர் பதில் சொல்லாது. ஆனால் காரணம் முற்றிலும் வேறு.

ராம் பத்தவில்லை என்றால் சர்வர் ஹார்டு டிஸ்கைக் கடன் வாங்கி ஓட்டும். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். பிங் அடித்தால் பதில் வரும். ஆனால் லாகின் திரை வர ஐந்து நிமிடம் ஆகும். லினக்ஸ் என்றால் கடைசியில் ஏதோ ஒரு புரோகிராமைத் தானே கொன்றுவிட்டு, அதை லாகில் எழுதியும் வைக்கும். இங்கே ராம் ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. நினைவகத்தைத் தின்னும் புரோகிராமைத் தேட வேண்டும், அல்லது கூடுதல் ராம் போட வேண்டும்.

ராம் பழுது என்றால் நடத்தை ஒழுங்கில்லாமல் இருக்கும். இன்று ஒரு புரோகிராம் விழும், நாளை வேறொன்று. ஒரே ஃபைலுக்கு இரண்டு முறை செக்சம் எடுத்தால் இரண்டு விடை வரும். நேற்று விரிந்த ஜிப் ஃபைல் இன்று விரியாது. கம்பைல் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு வரியில் நிற்கும். ப்ளூ ஸ்கிரீனோ கர்னல் பேனிக்கோ வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் காட்டும். மாறாக, தினமும் இரவு 2 மணிக்குத்தான் ஹேங் ஆகிறது, குறிப்பிட்ட ஒரு ரிப்போர்ட் எடுத்தால்தான் ஹேங் ஆகிறது என்றால், முதலில் சாஃப்ட்வேரைப் பாருங்கள்.

4. ரீசெட் பட்டனைத் தொடும் முன்

எல்லோருடைய கையும் முதலில் போவது ரீசெட் பட்டனுக்குத்தான். அதை அழுத்தியவுடன் பாதி சாட்சி அழிந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்துக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

அ) வேறு மெஷினிலிருந்து பிங் அடித்துப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் சர்வரின் சொந்த மானிட்டர், கீபோர்டுக்குப் போங்கள். அங்கே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு கேபிளிலோ ஸ்விட்சிலோ இருக்கலாம்.

ஆ) கீபோர்டில் நம் லாக் அல்லது கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு மாறினால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மாறவே இல்லை என்றால் அது முழுதாக நின்றுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இ) திரையில் என்ன இருக்கிறதோ அதை மொபைலில் போட்டோ எடுத்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈ) உண்மையான சர்வர் போர்டாக இருந்தால் அதில் பி.எம்.சி. என்று ஒரு சின்னக் கண்காணிப்புக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கும். மெஷின் நின்றாலும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் அது விழித்திருக்கும். அதற்குள் இருக்கும் சிஸ்டம் ஈவன்ட் லாகைப் படியுங்கள். ஈ.சி.சி. பிழை வந்திருந்தால் எந்த ஸ்லாட், எத்தனை மணிக்கு என்பது அநேகமாக அதில் இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

உ) மறுபடி ஏறியவுடன் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் லாகைப் பாருங்கள். லினக்ஸில் மெஷின் செக் என்ற வார்த்தையைத் தேடுங்கள். விண்டோஸில் ஈவன்ட் வியூவரில் ஹார்டுவேர் பிழைப் பதிவுகளைப் பாருங்கள்.

5. அதே அறிகுறி, வேறு குற்றவாளிகள்

ராம் மாதிரியே வேஷம் போடும் ஆட்கள் மூன்று பேர்.

முதல் ஆள் எஸ்.எம்.பி.எஸ். மின்னழுத்தம் இறங்கினால் நல்ல ராமும் தப்பாகப் படிக்கும். லோடு ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, லோடு ஏறியவுடன் விழும் எஸ்.எம்.பி.எஸ். உண்டு.

இரண்டாவது ஆள் சூடு. பிராசசர் ஃபேன் நின்றிருக்கலாம். ஹீட்சிங்க் முழுக்கத் தூசி அடைத்திருக்கலாம். நம்மூர் மே மாத வெயிலில், ஏ.சி. ஓடாத அறையில், முதலில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியது காற்று வெளியே வரும் பக்கத்தைத்தான்.

மூன்றாவது ஆள் மதர்போர்டு. தலை உப்பிய கெப்பாசிட்டர், ஸ்லாட்டுக்குள் தூசி, பிராசசர் சாக்கெட்டில் வளைந்த ஒரு பின். நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போதெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. எனவே அந்தச் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தால், ராம் செத்த மாதிரியே தெரியும்.

இவற்றோடு பயாஸ் அமைப்பையும் பாருங்கள். ராமை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் யாராவது ஓட விட்டிருந்தால், முதலில் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

6. சோதனை செய்யும் முறை

ராமைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுவது மெம்டெஸ்ட்86. 1994-இல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதியது. அதன் வழியில் வந்த மெம்டெஸ்ட்86+ இலவசம். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து யு.இ.எஃப்.ஐ. பயாஸ் உள்ள புது மெஷின்களிலும் ஓடும். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும்.

ஏன் விண்டோஸுக்குள்ளேயோ லினக்ஸுக்குள்ளேயோ வைத்துச் சோதிக்கக் கூடாது? ஆபரேட்டிங் சிஸ்டமே ராமில் ஒரு பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை அது காலி பண்ணித் தராது. பழுது சரியாக அந்த இடத்தில் இருந்தால் சோதனையில் தெரியவே தெரியாது.

மெம்டெஸ்ட் செய்வது எளிய வேலை. எல்லா இடத்திலும் 0 எழுதிப் படிக்கும். பிறகு 1. பிறகு 0-வும் 1-ம் மாறி மாறி. பிறகு ஒரே ஒரு 1-ஐ ஒவ்வொரு இடமாக நகர்த்தும். ஒவ்வொரு முகவரியிலும் அந்த முகவரியையே எழுதிப் பார்க்கும். இதனால் முகவரிக் கம்பிகளின் கோளாறு வெளியே வரும். எழுதியது வேறு, படித்தது வேறு என்றால் திரையில் சிவப்பு வரி.

மூன்று விதிகளை மனதில் வையுங்கள். ஒன்று: ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "ஒண்ணுதானே" என்று விட முடியாது. இரண்டு: பூஜ்யம் பிழை என்பது ராம் நல்லது என்பதற்கு முழுச் சாட்சி ஆகாது. ஒரு சுற்றில் சிக்காதது ஐந்தாவது சுற்றில் சிக்கலாம். எனவே இரவு முழுக்க ஓட விடுங்கள். மூன்று: ஈ.சி.சி. ராமில் ஹார்டுவேரே பிழையைத் திருத்திக் கொடுத்துவிடுவதால் மெம்டெஸ்ட் ஒன்றும் காட்டாமல் போகலாம். அங்கே சிஸ்டம் ஈவன்ட் லாகையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிழை வந்தது. இனி எந்த ஸ்டிக் என்று தேட வேண்டும். எட்டு ஸ்டிக் இருந்தால் எட்டு முறை சோதிக்கத் தேவையில்லை. பாதியைக் கழற்றுங்கள். பிழை எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும். அதில் பாதி, மறுபடி அதில் பாதி. மூன்றே சோதனையில் ஆள் சிக்குவான். டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பரில் படித்த பைனரி சர்ச் வேறென்ன! ஆனால் சர்வர் போர்டுகளில் எந்த ஸ்லாட்டை முதலில் நிரப்ப வேண்டும் என்று ஒரு ஒழுங்கு உண்டு. கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அதன்படியே கழற்றுங்கள்.

பாதுகாப்பு விஷயம்: பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவாமல் கை வைக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்தாலும் போர்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும். கையில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள்.

7. நம் லேபிலேயே ஒரு உதாரணம்

போன செமஸ்டரில் நம் துறை லேப் சர்வர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நின்றது சீனியர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் நினைவிருக்கும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருந்தது. சர்வர் என்று பெயரே தவிர அது டெஸ்க்டாப் போர்டுதான், ஈ.சி.சி. கிடையாது. நான்கு ஸ்டிக், ஒவ்வொன்றும் 8 ஜி.பி. "ரெண்டு ஸ்டிக் புதுசா வாங்கிடலாம்" என்று கொட்டேஷன்கூட வாங்கியாகிவிட்டது. லேப் இன்ஸ்ட்ரக்டர் சார்தான், "வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் டைம் குடுங்க, பாத்துடலாம்" என்றார். நாங்கள் மூன்று பேர் கூட நின்றோம்.

முதல் வேலை, ஸ்டிக்குகளுக்கு க, ங, ச, ஞ என்று சின்னத் துண்டுப் பேப்பர் ஒட்டியது. ஸ்லாட்டுகளுக்கு 1, 2, 3, 4. பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டோம். மெஷின் மேல் "சோதனை ஓடுது, அணைக்காதீங்க" என்று எழுதி ஒட்டி, இரவு வாட்ச்மேன் அண்ணனிடமும் சொல்லி வைத்தோம். யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நோட்டில் இருப்பது இதுதான்:

சோதனை 1: நான்கும் மாட்டியபடி. பிழை வந்தது.
சோதனை 2: க, ங மட்டும், 1, 2-ஆம் ஸ்லாட்டில். பிழை இல்லை.
சோதனை 3: ச, ஞ மட்டும், அதே 1, 2-ஆம் ஸ்லாட்டில். பிழை இல்லை.

இங்கேதான் எல்லோரும் முழித்தோம். நான்கு ஸ்டிக்கும் தனித்தனி ஜோடியாக நல்லவை. சேர்ந்தால் மட்டும் பிழை. அப்படியானால் குற்றவாளி 3-ஆவது அல்லது 4-ஆவது ஸ்லாட். அல்லது நான்கு ஸ்டிக்கின் சுமையை போர்டு தாங்கவில்லை.

சோதனை 4: க, ங பழைய இடத்தில், ச மட்டும் 3-இல். பிழை இல்லை.
சோதனை 5: அதே, ஆனால் ச இப்போது 4-இல். பிழை வந்தது.
சோதனை 6: ச-வுக்குப் பதில் ஞ, 4-இல். பிழை வந்தது.

மூன்று ஸ்டிக்தான், 3-இல் போட்டால் நல்லது, 4-இல் போட்டால் கெட்டது. ஸ்டிக்கை மாற்றினாலும் பிழை ஸ்லாட்டோடேயே நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் 4-ஆவது ஸ்லாட்டின் ஓரத்தில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. ப்ளோயரால் ஊதி, ஸ்டிக்கின் தங்க முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினோம். (நம்மூரில் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். தங்கப் பூச்சு தேயும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகும், கூடியவரை தவிர்க்கலாம்.)

சோதனை 7: நான்கும் மாட்டியபடி, இரவு முழுக்க. பிழை இல்லை.

கொட்டேஷன் ஃபைலுக்குள் போனது. இப்போது யோசித்துப் பாருங்கள். சோதிக்காமல் இரண்டு புது ஸ்டிக் வாங்கி 3, 4-இல் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டில் ஒன்று. பிழை தொடர்ந்திருந்தால், "புது ராமும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டை போட்டிருப்போம். அல்லது கழற்றி மாட்டிய வேகத்தில் தூசி கொஞ்சம் விலகி, கொஞ்ச நாள் ஓடியிருக்கும். "பாத்தியா, ராம்தான் பிரச்சினை" என்று எல்லோரும் நம்பியிருப்போம்! இதுதான் முக்கியம் நண்பர்களே: மாற்றியவுடன் சரியாகிவிட்டது என்பது நோயைக் கண்டுபிடித்ததற்குச் சாட்சி ஆகாது. பழைய ஸ்டிக்கைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். பிழை திரும்பி வந்தால்தான் குற்றம் நிரூபணம். திரும்பி வரவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சுவரில் விரிசல் என்று யாராவது கூப்பிட்டால் அப்பா உடனே சிமென்ட் பூச மாட்டார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வீட்டுக்காரரையே அதில் தேதி போடச் சொல்வார். காகிதம் கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, அஸ்திவாரத்தைப் பார்க்கணும். கிழியவில்லை என்றால் வெறும் பூச்சு விரிசல். லேப் நோட்டில் நாங்கள் போட்ட கட்டமும் அந்தக் காகிதமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ட்ரபிள்ஷூட்டிங் என்று பாடத்தில் பெயர் போட்டு நாம் படிப்பதை, பெயர் தெரியாமலே தினமும் செய்கிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

8. உலகிலேயே மிகத் தூரத்தில் நடந்த ராம் ரிப்பேர்

லேபில் கழற்றி மாட்ட முடிந்தது. கை எட்டாத இடத்தில் இருந்தால்? 1977-இல் அமெரிக்காவின் நாசா அனுப்பிய வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் புரியாத சிக்னல் மட்டும் அனுப்பத் தொடங்கியது. அப்போது அது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே ஏறக்குறைய 22½ மணி நேரம். பதில் வர இன்னொரு 22½ மணி நேரம்!

அவர்கள் செய்ததும் நாம் மேலே பார்த்த முறைதான். முதலில் எந்தக் கம்ப்யூட்டர் என்று சுருக்கினார்கள். தகவலைத் தொகுத்து அனுப்பும் கம்ப்யூட்டர் என்று தெரிந்தது. 2024 மார்ச் மாதம் அதன் நினைவகம் முழுவதையும் பூமிக்குக் கொண்டுவந்து, கோளாறுக்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய நகலோடு ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 3 சதவீத நினைவகம் கெட்டிருந்தது. ஒரே ஒரு சிப் வேலை செய்யவில்லை. அந்தச் சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாகப் பிரித்து நினைவகத்தின் மற்ற இடங்களில் வைத்தார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி வாயேஜர் மறுபடி ஒழுங்காகப் பேசியது. பழைய நகல் ஒன்று கையில் இல்லாமலிருந்தால் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

9. பழுது உறுதியான பிறகு

ராமோ ஸ்லாட்டோ சரியானவுடன் வேலை முடிந்துவிடவில்லை. அது பழுதாக இருந்த நாட்களில் எழுதிய தகவல் எல்லாம் சந்தேகத்துக்கு உரியது. எனவே,

அ) ஃபைல் சிஸ்டம் செக் ஓட்டுங்கள்.
ஆ) முதல் ஹேங் வந்த தேதிக்கு முந்தைய பேக்கப்பைத் தனியே எடுத்து வையுங்கள். அதன் மேல் புது பேக்கப் எழுத விடாதீர்கள்.
இ) முக்கியமான ஃபைல்களின் செக்சத்தைப் பழைய நகலோடு ஒப்பிடுங்கள்.
ஈ) மதிப்பெண், கணக்கு போன்றவற்றைக் காகிதத்தில் உள்ள மூலத்தோடு சரிபாருங்கள்.

நம் லேபில் இப்படிப் பார்த்தபோது ஒரு குழுவின் ப்ராஜெக்ட் ஃபைல் விரியவே இல்லை. அவர்களில் ஒரு அக்கா பென்டிரைவில் மூன்று வாரத்துக்கு முந்தைய நகல் வைத்திருந்ததால் பிழைத்தார்கள். மூன்று வார வேலையை மறுபடி உட்கார்ந்து செய்தார்கள். நகல் இல்லாவிட்டால் ஆறு மாத உழைப்பும் போயிருக்கும்.

10. வைவாவில் கேட்டால்...

கேள்வி: ராம் பழுது என்று எப்படி உறுதி செய்வாய்?
பதில்: லாக் பார்ப்பேன், மின்னழுத்தமும் சூடும் பார்ப்பேன், பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் ஓட்டுவேன், ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் இடம் மாற்றி, பிழை எதோடு போகிறது என்று பார்ப்பேன்.

கேள்வி: பிழை ஸ்டிக்கோடு போனால்?
பதில்: ஸ்டிக் பழுது. ஸ்லாட்டோடேயே நின்றால் ஸ்லாட், போர்டு அல்லது பிராசசர் சாக்கெட்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றலாமா?
பதில்: கூடாது. எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

முடிவாக ஒரு வார்த்தை. நாளை நாம் போய் நிற்கப்போகும் இடங்களில் நம்மை "டிப்ளமோதானே" என்று பார்ப்பவர்களும் இருப்பார்கள். அங்கே வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒரு மெம்டெஸ்ட் பென்டிரைவ், ஒரு மல்டிமீட்டர், தேதி போட்ட ஒரு நோட்டு இருந்தால் போதும். அந்த நோட்டே நமக்காகப் பேசும். ஜூனியர் தம்பி தங்கைகள் யாருக்காவது அந்தப் பென்டிரைவ் வேண்டுமென்றால் லேப் அலமாரியில் இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடுங்கள்.